கொடி காலியாக இருந்த நாட்கள்

துணி துவைக்கச் சோம்பல்படுகிறவள் இல்லை நான், சார். சோரியாங்குப்பத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்ததில் என் வீட்டுக்காரர் தேவேந்திரனுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. மலம் வருவது அவருக்கே தெரியாது. இரண்டு வருடம், நாளுக்கு நான்கு வேட்டி அலசினேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

நர்ஸ் செல்வகுமாரி வந்து சொல்லிக்கொடுத்தாள். "சாப்ட்டு அரை மணிக்குள்ள நடுவுல ஓட்ட போட்ட நாற்காலில உக்கார வை அக்கா. தெனம் அதே நேரம். ஒடம்பு பழகிக்கும். வெக்கப்படாத, இதுவும் ஒரு வியாதிதான்." இரண்டு வாரம் செய்தேன். குறையத்தான் செய்தது. அதற்குள் மகள் ரஞ்சனிக்கு நிச்சயதார்த்தம் வந்துவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஊர் மடுகரை. அதற்கு முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, காபியைக்கூடத் தொடாமல் போயிருந்தார்கள். நிச்சயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவரே சொன்னார்: "எனக்கு சோறு வாணாம் அம்சா. பொண்ணு காரியம் முடியட்டும்."

நிச்சயத்தன்று வீட்டில் சாம்பிராணி வாசனை மட்டும்தான். சம்பந்தியம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினார். கொடியில் ஒரு துணி இல்லை. இரண்டு வருடத்தில் முதல்முறையாக மதியம் கண்ணயர்ந்தேன்.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. சம்பந்திகள் வந்து போவார்கள் இல்லையா? காலையில் அரை டம்ளர் வடிகஞ்சி, சாயந்திரம் அரை டம்ளர். அவ்வளவுதான் கொடுத்தேன்.

"ஒரு வாய் சோறு குடு அம்சா. அடக்கிக்கிறேன்" என்பார். முடியாது என்று அவருக்கே தெரியும்.

"முகூர்த்தம் முடியட்டும். இன்னா அவசரம்?" என்பேன்.

தெருவுக்குக் கேட்குமே என்று அவர் சத்தம் போட்டதில்லை. மானஸ்தன். செல்வகுமாரி இரண்டு தடவை வந்தாள். தூங்குகிறார் என்று வாசலோடு அனுப்பினேன்.

இருபத்தாறாம் நாள் காலையில் போய்விட்டார். குளிப்பாட்டிய பங்காளிகள், "படுக்கைல கெடந்த ஒடம்பு மாதிரியே இல்ல, எவ்ளோ சுத்தம்" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சாவு விழுந்த வீடு என்று மடுகரைக்காரர்கள் சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பட்டினி போட்டுக் கொன்றேன் என்று செல்வகுமாரி உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆமாம், சோற்றை நிறுத்தியது நான்தான். ஆனால் எடுக்கும் முன் வாய்க்கரிசி போட்டபோது எல்லோரும் ஒரு சிட்டிகைதான் போட்டார்கள். நான் கை நிறைய அள்ளிப் போட்டேன், சார்.