மாமாவின் லோரியில் செய்த சில சிறு திருத்தங்கள்

வீட்டில் அச்சடித்த ஸ்டிக்கரைத் தாளிலிருந்து கழற்றி ஒட்ட, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தால் போதும். கொதிக்கிற தண்ணீர் கூடாது. அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. நான் அவசரக்காரன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், நான் செய்ததை எல்லாரும் 'ஆத்திரத்தில் செய்தது' என்கிறார்கள். அது தவறு. எல்லாவற்றையும் நிதானமாகத்தான் செய்தேன்.

கோயில் தலைவர் நடராஜா, "நடந்தத ஒன்னு விடாம எழுதிக் குடு தம்பி, ரெண்டு வீட்டுக்காரங்களையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டறேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் விமலன். ராவாங்கில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். அசாம் ஜாவாவில் இருக்கும் சோமு மாமா என் அம்மாவின் தம்பி. செம்பனைத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப் போகும் சிவப்பு லோரி ஒன்று அவருக்கு இருக்கிறது. ஒரே மகள் கங்கா. அவளுக்கும் புக்கிட் ரோத்தான் லோரிக்காரர் அழகேசனின் மகன் யுவனேஸ்வரனுக்கும் போன தைப்பூசம் முடிந்து நிச்சயம் ஆனது.

மாமாவின் லோரியை இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் செய்தேன். பிளாஸ்டிக் தகடு, கம்பி, பழைய பிரிண்டர் ஒன்றின் சக்கரங்கள். வீட்டில் அதைப் பொம்மை என்பார்கள். பொம்மை இல்லை, மாதிரி என்று நான் திருத்தித் திருத்திக் களைத்துவிட்டேன்.

விடுதியில் லோரி கிடையாது. ஆகவே கங்கா அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். எல்லாம் அவள் தன்னைத்தானே எடுத்துக்கொண்டவை. முன்னால் கங்கா, பின்னால் லோரி. அவள் போன் படத்தை இடம் வலமாகத் திருப்பிக் காட்டும். கதவில் இருந்த எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருந்ததைக் கவனித்தேன். கெட்டிக்காரத்தனமாக எழுத்துகளை மட்டும் நேராக்கினேன். லோரியின் முன்பக்கத்தில் இருந்த நெளிசலும் பக்கம் மாறியிருக்கும் என்று தோன்றவில்லை.

அந்த நெளிசல் முக்கியமானது. பத்தாங் பெர்ஜுந்தாய் ரோட்டில் ஒரு மாடு இடது பக்கமாக வந்து மோதியது. மாடு எழுந்து நடந்து போய்விட்டது, லோரியைத்தான் இழுத்து வர வேண்டியிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அந்த நெளிசலில் கை வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்வார். என் மாதிரியில் அது வலது பக்கம் இருந்தது.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. அதனால் கதவின் வெள்ளை எழுத்துகளுக்கு, வெள்ளைத் தாளில் சுற்றிலும் சிவப்பை அச்சடித்து, எழுத்தை மட்டும் வெள்ளையாக விட வேண்டும். அந்தச் சிவப்பு கதவின் சிவப்போடு ஒத்துப்போகவில்லை. எழுத்தைச் சுற்றி ஒரு கட்டம், தக்காளி நிறத்தில். அடுத்து, லோரிக் கதவில் இரண்டு எண்கள் இருக்கும்: காலி எடை, பாரத்தோடு இருக்கலாம் என்கிற எடை. காலியாக 5600 கிலோ, பாரத்தோடு 16000. ஸ்டிக்கரை நகர்த்தும்போது கடைசிச் சைபர் கிழிந்து தண்ணீரோடு போய்விட்டது.

இதையெல்லாம் கவனித்தபோது வார்னிஷ் அடித்து முடித்திருந்தேன். வார்னிஷ் அடித்த மாதிரியைத் திருத்த முடியாது. உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். லோரியைத் திருத்தலாம். லோரிக்கு நான் வார்னிஷ் அடிக்கவில்லை.

இது தர்க்கம். ஆத்திரம் அல்ல.

கோலசிலாங்கூர் மண்டபத்தில் மாதிரி வண்டிகளுக்கு ஒரு போட்டி நடக்க இருந்தது. அதில் 'அசலும் மாதிரியும்' என்று ஒரு பிரிவு. மாதிரி மேசையில், அசல் வண்டி வெளியே கார் பார்க்கில். நடுவர்கள் இரண்டுக்கும் நடுவே நடந்து பார்ப்பார்கள். மாமாவிடம் லோரியைக் கொண்டு வர முடியுமா என்று கேட்டேன்.

"என் லோரியவா? மேடையிலயா?"

"மேடையில இல்ல மாமா. கார் பார்க்ல."

"எங்கயோ ஒரு எடம் லா. கழுவிட்டு வரட்டா, அப்படியே வரட்டா?"

அப்படியே வரச் சொன்னேன். அன்று முழுவதும் அவர் ஆலைக்காரர்கள், கறிக்கடைக்காரர், எதிரே வந்தவர் எல்லாரிடமும் "நம்ம லோரி போட்டிக்குப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு ஆசைப்படும் மனிதரை நான் எப்படி ஏமாற்ற முடியும்? போட்டியில் மாதிரியும் அசலும் ஒத்துப்போகாவிட்டால் அவர் முகம் என்ன ஆகும்? அவருக்காகத்தான் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கல்லூரி விடுமுறைக்கு அசாம் ஜாவா வந்தேன். மாமா மதியம் சாப்பிட்டுப் படுத்தால், லோரியையே கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டி வந்தாலும் எழமாட்டார். பக்கத்து வீட்டில் டைல்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்குச் சத்தம் சரியாகிவிட்டது. இடது நெளிசலைத் தட்டி நிமிர்த்திப் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தேன். வலது பக்கம் புதிதாக நெளித்தேன். குலை குத்தி ஏற்றும் இரும்புக் கம்பிதான் வசதியாக இருந்தது. மாட்டைத் தேடிப் போகவில்லை. எனக்கும் ஓர் எல்லை உண்டு.

மறுநாள் மதியம் கதவில் தக்காளிக் கட்டம். அதற்கு மறுநாள் 16000-இன் கடைசிச் சைபரைச் சுரண்டினேன்.

மாமா முதலில் யாரையும் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டார். வந்த விருந்தாளிக்கு மாட்டுக் கதை சொல்லப் போனவர், இடது பக்கம் கை வைத்துவிட்டு நின்றார். வழவழவென்று இருந்தது. மெதுவாக வலது பக்கம் நடந்து வந்தார்.

"மாடு இந்தப் பக்கமாவா வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம் மாமா" என்றேன்.

அடுத்த விருந்தாளிக்கு மாடு வலது பக்கமாக வந்தது. மாமா கிளினிக்குக்குப் போய் ஞாபகசக்திக்கு மாத்திரை வாங்கிக்கொண்டார். நல்ல மாத்திரை என்கிறார்கள். ஆகவே அதில் அவருக்கு இலாபம்தான்.

புக்கிட் ரோத்தானில் லோரிகளை நிறுத்திச் சோதிக்கும் ரோட் பிளோக்கில்தான் சிக்கல் வந்தது. லோரி காலி. அதிகாரி கதவைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், மறுபடியும் கதவைப் பார்த்தார். கதவின்படி பாரத்தோடு 1600 கிலோதான் இருக்கலாம். காலி லோரியே 5600 கிலோ.

"கோசோங் துவான்! காலி ஐயா, ஒன்னுமே ஏத்தல" என்று மாமா தகரத்தைத் தட்டிக் காட்டினாராம். ஒன்றும் ஏற்றாமலே அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லோரி இந்த மாவட்டத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். கதவைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பினார்கள்.

சைபர் தானாகக் கழன்று விழாது என்று மாமாவுக்கு அன்றைக்கு விளங்கியது. ரோட் பிளோக் இருந்தது புக்கிட் ரோத்தானில். அழகேசன் இருப்பதும் புக்கிட் ரோத்தானில். இருவரும் ஒரே ஆலைக்குக் குலை ஏற்றுகிறவர்கள்.

"சம்பந்தி ஆவறதுக்கு முன்னாடியே என் பொழப்புல கை வைக்கிறியா?" என்று போனில் கேட்டார்.

"யோவ், உன் ஓட்ட லோரிய நான் தொட்டா எனக்கு ஊசி போடணும்யா" என்றார் அழகேசன்.

நிச்சயத் தாம்பூலம் தட்டோடு திரும்பிப் போனது. கங்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் போட்டிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் மாமா சைபரைத் திரும்ப எழுதிவிடுவார். எழுதவேண்டாம் என்று கெஞ்சி, "அத்தாட்சியா இருக்கட்டும் மாமா, அழிக்காதீங்க" என்று சொன்னது நான்தான். அது நல்ல யோசனை என்று அவரும் பாராட்டினார்.

போட்டியில் எனக்கு ஆறுதல் பரிசு. நடுவர் எழுதிய குறிப்பு இது: 'மாதிரி மிக நேர்த்தி. அசல் லோரியின் நெளிசல்தான் செயற்கையாகத் தெரிகிறது.' இந்தக் குறிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

என்னைப் பிடித்தது கங்கா. போட்டி முடிந்து வீட்டு மேசையில் வைத்திருந்த மாதிரியைக் குனிந்து பார்த்தாள். பிறகு நான் விடுதியிலிருந்து முன்பு அனுப்பிய படத்தைப் போனில் தேடி எடுத்தாள்.

"டேய் விமல். லோரிக்கு இதெல்லாம் ஆவறதுக்கு முன்னாடியே உன் பொம்மையில அந்தச் சைபர் இல்ல."

"பொம்மை இல்ல. மாதிரி" என்றேன். அதை வீட்டில் எல்லாரும் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

இனிதான் நான் இதை எழுத முக்கியக் காரணம். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். மாமா என் தோளில் கை போட்டார். கண் கலங்கியிருந்தது.

"மனசுல ஆச இருந்தா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே மருமவனே. மொறப் பொண்ணுதானே. அதுக்குப் போயி நிச்சயத்தக் கலைக்க லோரிய அடிப்பியா?"

அம்மா தலையாட்டினார், பல நாளாகத் தெரிந்த விஷயம் போல. வரவழைக்கப்பட்ட அழகேசன்கூட இருமிக்கொண்டு, "சின்னஞ்சிறுசுக, நாங்க வேணும்னா ஒதுங்கிக்கிறோம்" என்றார். யுவனேஸ்வரன் சுவரைப் பார்த்தார்.

"இவனையா?" என்றாள் கங்கா. "ஒரு சைபர் போனதுக்கு லோரியவே ஒடச்சவன்பா. எனக்கு ஒரு பல்லு விழுந்தா என்ன பண்ணுவான்?"

என்னை யாரும் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன், தலைவர் இந்த இடத்தைச் சற்று உரக்கப் படிக்கவும். காதலால் செய்தேன் என்பது என்மீது சுமத்தப்பட்ட அபாண்டம். கங்கா எனக்குப் படம் எடுத்து அனுப்பியவள், அதையும் இடம் வலமாகத் திருப்பி அனுப்பியவள். லோரியை நெளித்தது நான். நிமிர்த்தியது நான். கதவுக்குப் பெயின்ட் அடித்ததும் சைபரைச் சுரண்டியதும் நான். மாமாவின் ஞாபகத்தில் மாட்டைப் பக்கம் மாற்றியதும் நான். அழகேசன் அந்த லோரியைத் தொடவே இல்லை. எல்லாம் இருபத்து நான்கில் ஒரு பங்குக்காக. கல்யாணத்தை நிறுத்தவேண்டாம்.

லோரியைப் பழையபடி ஆக்கித் தருகிறேன். இனி அசல் எதையும் தொடமாட்டேன் என்று எங்கள் கோயில் முனீஸ்வரர்மேல் சத்தியம் செய்திருக்கிறேன்.

பரிகாரமாக, கல்யாணக் கார் ஒன்றை மணமக்களோடு மாதிரியாகச் செய்துவருகிறேன். நேற்றுத்தான் முடிந்தது. கங்கா அப்படியே கங்காதான். மாப்பிள்ளையும் அருமையாக வந்திருக்கிறார். புருவங்களைக்கூட ஸ்டிக்கராக அச்சடித்து ஒட்டினேன். இடது புருவம் மட்டும் தண்ணீரோடு போய்விட்டது. அதைக் கவனிப்பதற்குள் வார்னிஷ் அடித்துவிட்டேன்.

பரவாயில்லை, கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. யுவனேஸ்வரன் மதியம் தூங்குவாரா என்று மட்டும் யாராவது விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.