பூங்கொடி ஏலம் கேட்கவில்லை

கடல் கொந்தளித்தாலும் குரல் கொந்தளிக்காத குணத்தோடு, மீன் விற்கும் மகளிர் சங்கத்தின் இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் தர்மலிங்கம் அவர்களே, எட்டு ஊருக்குக் கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரராக இருந்தும் இன்று என் பேச்சைக் கேட்க வாய்மூடி அமர்ந்திருக்கும் ஏலக்காரர் இளையபெருமாள் அண்ணன் அவர்களே, அம்பகரத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் உறவுகளே, இருட்டில் எழுந்து கூடை தூக்கி, வெயிலில் நடந்து விலை கூறி, வீட்டுக்குள் நுழைந்த கையோடு உலையும் வைக்கும் என் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் கோட்டுச்சேரித் தமிழாசிரியை விசாலாட்சியின் வணக்கம்.

மகளிர் முன்னேற்றம் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் பேசப்போவது ஒரே ஒரு மகளைப் பற்றி. என் தங்கை செல்லக்கண்ணுவின் மகள் பூங்கொடி. அதோ, கடைசி வரிசையில். திரும்பிப் பார்க்காதீர்கள், அவளுக்குக் கூச்சம். அவளைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். "நீங்களே சொல்லுங்க பெரியம்மா, நான் சொன்னா நடுவுல தொண்டதான் பேசும்" என்றாள்.

தங்கைக்கு முழங்கால் போய்விட்டது. இனி பூங்கொடிதான் ஏலத்தில் மீன் எடுத்து விற்க வேண்டும். ஏலத்தில் நம் வழக்கம் என்ன? வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியாமல் தலையை ஒரு வெட்டு வெட்டினால் விலை ஏறும். பூங்கொடியின் தலையோ அவளைக் கேட்காமலே வெட்டும். போன மாதம் ஏலக்கார அண்ணன் வஞ்சிரத்துக்கு விலை கூறிக்கொண்டிருக்கிறார். இவள் கழுத்து சுண்டியது. மீன் இவள் பெயரில் விழுந்தது. விலை குறைந்த சங்கரா வாங்கப் போனவளுக்கு விலை கூடிய வஞ்சிரம். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் நடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"வெளையாடுற எடமாடி இது?" என்றாள் ஒருத்தி. "கண்ண வேற சிமிட்டுது பாரு" என்றாள் இன்னொருத்தி. அண்ணன் நயமாகத்தான் சொன்னார்: "நீ வெளிய நில்லு பாப்பா. ஒங்கம்மாவ வரச் சொல்லு." எழுந்து நிற்க முடியாத அம்மாவை அவள் எப்படி வரச் சொல்வாள்? அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

இது நேற்று வந்ததா? இரண்டாம் வகுப்பிலேயே கண் சிமிட்டினாள். பார்வைக் கோளாறு என்று கண்ணாடி போட்டார்கள், கண்ணாடிக்குள் சிமிட்டினாள். தொண்டையைக் கனைத்தாள், சளி என்று மருந்து ஊற்றினார்கள். பாட்டில் தீர்ந்தது, கனைப்பு தீரவில்லை. தோளைக் குலுக்கினாள், திமிர் என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள் தங்கை. அந்த வேண்டுதல் அவளுக்குத் தெம்பு தந்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு என்னம்மா செய்கிறது என்று யாராவது பிள்ளையைக் கேட்டார்களா?

கேட்டவர் ஒரு நரம்பு மருத்துவர். அவர் முன்னால் பூங்கொடி சிலையாக உட்கார்ந்தாள். ஒரு சிமிட்டல் இல்லை. தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தியமா வீட்டுல இப்புடி இருக்கமாட்டா டாக்டர்" என்றாள். அவர் சிரித்தார். "புது எடத்துல அடங்கிக்கும்மா. வீட்ல இருக்கறப்ப போன்ல எடுத்துட்டு வாங்க." அடுத்த முறை போனில் பார்த்தார். பிறகு கேட்டார்: எந்த வயதில் தொடங்கியது, ஓராண்டுக்கு மேல் இருக்கிறதா, ஒன்று போய் இன்னொன்று வருகிறதா, அசைவோடு சத்தமும் உண்டா, அலுப்பிலும் பதற்றத்திலும் கூடுகிறதா. வலிப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். இதைக் காட்டிக்கொடுக்க ரத்தப் பரிசோதனை கிடையாதாம். பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம். இந்த அசைவுக்கு 'டிக்' என்று பெயர். பலவித அசைவும் சத்தமும் சேர்ந்து, சின்ன வயதில் தொடங்கி ஓராண்டைத் தாண்டினால், ஒரு பிரெஞ்சு மருத்துவர் பெயரால் 'டூரெட்' என்பார்கள்.

என்ன அன்பழகன் மாமா? நம்ம ஊர ஆண்ட பிரெஞ்சுக்காரன் போறப்ப விட்டுட்டுப் போனதா என்கிறீர்களா? இல்லை மாமா, பெயர்தான் அவர்களுடையது, கழுத்து நம்முடையது.

கடைசியாகப் பிள்ளையிடமே கேட்டார்: "வர்றதுக்கு முன்னாடி என்னம்மா தோணும்?"

"தும்மல் வர்றாப்புல இருக்கும் டாக்டர். கொஞ்ச நேரம் அடக்கலாம். அப்பறம் சேத்து வச்சு வரும்."

தாய்மார்களே, நாம் இடறுவது இங்கேதான். கொஞ்ச நேரம் அடக்குகிறாளே, அப்படியானால் வேண்டுமென்றுதானே செய்கிறாள் என்கிறோம். தும்மலை நீங்கள் அடக்கிப் பார்த்ததில்லையா? அதனால் தும்மலை நீங்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததாக ஆகிவிடுமா? இது திமிரா? இல்லை. தொற்றுமா? இல்லை. தாய் வளர்ப்பின் குறையா? இல்லவே இல்லை. செல்லக்கண்ணு, இத்தனை நாள் உன்னைக் குறை சொன்னவர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள், நீ நிமிர்ந்து உட்கார். பலருக்கு வளர வளர இது குறையும். சிலருக்குக் கூடவே இருக்கும். பயிற்சி உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. உற்றுப் பார்க்காத கண்கள்தான் முதலில் வேண்டும்.

ஆகவே தலைவர் அவர்களே, ஒரு வேண்டுகோள். ஏலத்தில் இனி தலையசைப்பு வேண்டாம். கேட்பவர்கள் கையைத் தூக்குவோம்.

அண்ணன் எழுந்துவிட்டார். சொல்லுங்கண்ணே. "எங்கண்ணு தலையத்தான டீச்சர் தேடும்? ஒரு புள்ளைக்காவ ஊரு பழக்கத்த மாத்தணுமா?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் கண் பழகிவிடும் அண்ணே, அவள் கழுத்து பழகாது. முடிந்தவர்கள் மாறிக்கொள்வதுதானே முறை? கையைத் தூக்கினால் பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரிந்துவிடுமே என்கிறாள் சொர்ணாம்பாள். தெரியட்டும். ஒரு பிள்ளை பிழைக்க நாம் கொஞ்சம் கள்ளத்தனத்தைக் குறைத்துக்கொள்வோம்.

இதோ தலைவர் எழுந்து, "என்னம்மா, எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்கிறார். அடடா, அத்தனை பேரும் தலையை ஆட்டுகிறீர்களே. தலையை நம்பி நான் எப்படிக் கணக்கில் எடுப்பது? கையைத் தூக்குங்கள். அப்படி. சொர்ணாம்பாளும் தூக்கிவிட்டாள். அண்ணே, உங்கள் கை? சரி, அதுவும் எழுந்துவிட்டது.

கடைசி வரிசையில் இப்போது கனைத்தது நீதானே பூங்கொடி? இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டா உட்கார்ந்திருந்தாய்? கனைத்துக்கொள் கண்ணே, யாரும் திரும்பவில்லை பார். நாளை விடியும்போது ஏலத்தில் முன்னால் போய் நில். உன் தலை அதன் போக்கில் ஆடட்டும். உன் கை எழுந்தால்தான் மீன் உன் பெயரில் விழும்.

கேட்ட செவிகளுக்கும் எழுந்த கைகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.