வடிகட்டுன தண்ணி

ஞானமதி: குடிக்கத் தண்ணி வச்சிருந்தேனே, அந்தக் கூஜா எங்கேங்க?

ஜீவேந்திரன்: கூஜாவா… இந்தா.

ஞானமதி: தண்ணி?

ஜீவேந்திரன்: தண்ணி எங்கியும் போவல. நம்ம கூடத்தான் இருக்குது.

ஞானமதி: எங்கே?

ஜீவேந்திரன்: …காருல.

ஞானமதி: காருலதான் இவ்ளோ நேரம் தேடிட்டு வர்றேன்.

ஜீவேந்திரன்: சீட்டுல தேடியிருப்பே. அது ரேடியேட்டருல இருக்குது. கொதிச்சிக்கினு இருந்துது ஞானம், பாக்கப் பாவமா இருந்துது…

பத்மாம்பாள்: இன்னாடி அங்கே?

ஞானமதி: ஒண்ணுமில்ல அத்தை. காலையில செஞ்சிக் கெணத்துல சேந்தி, துணி போட்டு வடிகட்டிக் கொண்டாந்த தண்ணிய உங்க மாப்பிள்ளை காருக்கு வார்த்துட்டாரு.

பத்மாம்பாள்: காருக்குன்னு ஒரு டின்னு தண்ணி தனியா இருந்துதே மாப்ளே?

ஜீவேந்திரன்: அது வடிகட்டாத தண்ணி அத்தை. கொதிக்கிற ரேடியேட்டருல அத ஊத்துனா, அதுல இருக்கிற சின்னச் சின்ன ஜீவன் எல்லாம் வெந்து போவாதா? அப்புறம் நீங்களே கேப்பீங்க, நீங்கள்லாம் ஒரு ஜைனரான்னு.

பத்மாம்பாள்: நல்ல தர்மம். காரு வடிகட்டுன தண்ணி குடிக்குது. நானும் என் அண்ணன் மவளும் நாக்கு ஒட்டிப்போயி நிக்கிறோம்.

ஞானமதி: அந்த டின்னையாச்சும் எடுங்க, இப்ப வடிகட்டிக்கிறேன்.

ஜீவேந்திரன்: அதுக்கு முன்ன அந்த டின்னுல மண்ணெண்ணெய் இருந்துது…

ஞானமதி: பொழுதப் பாத்தீங்களா? பனமரத் தலைக்கு வந்துட்டுது. அது எறங்கிட்டா நாளைக்குக் காலை வரைக்கும் யாரும் ஒரு வாய் தண்ணி தொட முடியாது. கட்டுசோறு கட்டுசோறாவே கெடக்கும்.

ஜீவேந்திரன்: எனக்கும் அதே பட்டினிதானே.

பத்மாம்பாள்: உங்களுக்கு வேணும். ஒலகச் சண்டை நடக்குது, பெட்ரோலு கெடைக்கல, சரி. அதுக்காகக் காரு முதுகுல கரியடுப்பக் கட்டி, அந்தப் பொகையில வண்டி ஓட்டிக்கினு, டேராவச் சுருட்டி மேல போட்டுக்கினு… மேல்சித்தாமூர்ல சேவிச்சோம், சந்தோசம். திருநாதர் குன்று ஏறுனோம், புண்ணியம். செஞ்சிக் கோட்டை எதுக்கு? என் முட்டிய உடைக்கவா?

ஜீவேந்திரன்: மேலேருந்து பாத்தா ஊரே தெரிஞ்சுதே அத்தை.

பத்மாம்பாள்: எனக்கு மூச்சு வாங்குனதுதான் தெரிஞ்சுது. இப்ப இந்தத் திருவக்கரை. மரம்னு நெனச்சி சாஞ்சேன். முதுகெலும்பு கேக்குது, இன்னாடி இதுன்னு.

ஜீவேந்திரன்: கல்லாப் போன மரம் அத்தை அது. எந்தக் காலத்துலயோ வெள்ளத்துல வந்து பொதஞ்சுதாம்.

ஞானமதி: ஒரே எடத்துல பேசாம கெடந்தா மரங்கூட கல்லாவுமா?

ஜீவேந்திரன்: லட்சக்கணக்குல வருசம் ஆவும்னு ஒரு தொரை சொன்னாராம். அவருக்குக் கல்யாணம் ஆவல போலருக்குது. எட்டு மாசம் போதும்.

பத்மாம்பாள்: மாப்ளே, மூணு நாளா மலை மலையா ஏத்தி எறக்குறீங்க. கேக்க வேண்டியத மட்டும் வாயத் தொறந்து கேக்கல. போங்க, ஆத்துல தண்ணி மோந்துக்கினு ஜல்தியா வாங்க. நான் இந்தக் கல்லுகிட்ட பேசிக்கினு இருக்கேன். அதுவாச்சும் ஜோக்கு அடிக்காது.

ஜீவேந்திரன்: வடிகட்டுற துணி எங்கே ஞானம்?

ஞானமதி: என் முந்தானையில முடிஞ்சி வச்சிருக்கேன். உங்ககிட்ட குடுத்தா கரி தொடப்பீங்க.

ஜீவேந்திரன்: கரி தொடச்சது என் மேல்துண்டுல. உன் துணிய தொட்டனா?… பாத்து எறங்கு, சரளைக்கல்லு வழுக்குது. கையக் குடு.

ஞானமதி: நீங்க வழுக்காம வாங்க, போதும்.

ஜீவேந்திரன்: ஐயோ…

ஞானமதி: இன்னா, வழுக்கிட்டீங்களா?

ஜீவேந்திரன்: ஒக்காந்து பாத்தேன். ஆறு நல்லாத்தான் இருக்குது.

ஞானமதி: எழுந்திருங்க. கூஜாவப் பிடிங்க. ரெண்டு கையாலயும்.

ஜீவேந்திரன்: அத்தை இன்னாமோ சொன்னாங்களே, கேக்க வேண்டியதுன்னு.

ஞானமதி: சொன்னாங்க.

ஜீவேந்திரன்: நாளைக்குக் காலையில மயிலம் தாண்டி மெயின் ரோட்டுல ஏறுவோம். வடக்கே திருப்புனா திண்டிவனம், உங்க வீடு. தெற்கே திருப்புனா விழுப்புரம்…

ஞானமதி: கூஜா சாயுது.

ஜீவேந்திரன்: …நம்ம வீடு. காருக்கு எந்தப் பக்கம் போவணும்னு ஒரே கவலை. ராத்திரி எல்லாம் தூங்காம இருமிக்கினு இருந்துது.

ஞானமதி: காருக்கா?

ஜீவேந்திரன்: காருக்குத்தான்.

ஞானமதி: அப்ப அதையே வந்து கேக்கச் சொல்லுங்க.

ஜீவேந்திரன்: கோவமா?

ஞானமதி: நான் டிரெய்னிங் படிச்சவ, பள்ளிக்கூடத்துல வேலை பாக்கட்டுமான்னு உங்களத்தான் கேட்டேன். உங்க மண்டிக்கு மல்லாட்டைக் கடலை வாங்க வந்த ஆளுங்க முன்னாடி இன்னா சொன்னீங்க? "வீட்டுலயே பள்ளிக்கூடம் நடக்குது, நான் ஒருத்தன்தான் பையன், அதுவும் பெயிலு"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க.

ஜீவேந்திரன்: நீ சிரிக்கல.

ஞானமதி: ஆமாம்னு சொல்லியிருக்கலாம். கூடாதுன்னாவது சொல்லியிருக்கலாம். ரெண்டுமில்லாம எவ்ளோ நாள்தான் சிரிப்பையே பதிலா வச்சிக்கிறது?

ஜீவேந்திரன்: எட்டு மாசத்துக்கு முன்ன உங்கண்ணி பிரசவத்துக்குன்னு போனே. அந்தக் கொழந்தை பொறந்து, குப்புற விழுந்து, இப்ப தவழ்ந்து வந்து என் வேட்டியப் பிடிக்குது. நீ வரல.

ஞானமதி: நீங்க கூப்பிடல.

ஜீவேந்திரன்: வந்தேனே, நாலு தரம்.

ஞானமதி: வந்தீங்க. எங்கண்ணன்கிட்ட மண்டி வெலை பேசுனீங்க. கொழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுனீங்க. போய்ட்டீங்க.

ஜீவேந்திரன்: வெளக்கு வைக்கிறதுக்குள்ள சாப்பிடணும்னா வீட்டுல ஆள் வேணும் ஞானம். மண்டிய மூடிட்டு நான் வர்றதுக்குள்ள இருட்டிடுது. பாதி நாள் சும்மாதான் படுத்துக்குறேன்.

ஞானமதி: தொப்பை அப்படியேதான இருக்குது.

ஜீவேந்திரன்: அதுவும் கரியிலதான் ஓடுது.

ஞானமதி: …பாத்தீங்களா?

ஜீவேந்திரன்: பாத்தேன். வாயில தானா வந்துடுது. இரு… சிரிப்பில்லாம சொல்றேன்.

ஞானமதி: துணிய இப்படி ஆத்துப் பக்கமா உதறுங்க. இதுல ஒட்டிக்கினு இருக்கிறதெல்லாம் இந்தத் தண்ணிக்கே திரும்பிப் போவணும்… ம், சொல்லுங்க.

ஜீவேந்திரன்: விழுப்புரத்துல பொண்ணுங்க பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மாவப் போயிப் பாத்தேன். கோடை லீவு முடிஞ்சி தெறக்கறப்ப உன்னை வரச் சொன்னாங்க.

ஞானமதி: நீங்களா போனீங்க?

ஜீவேந்திரன்: நானேதான். ஒரு ஜோக்குகூட சொல்லிப் பாத்தேன். அந்தம்மாவும் சிரிக்கல.

ஞானமதி: ஏன் மொதல் நாளே சொல்லல?

ஜீவேந்திரன்: வேலையக் காட்டிக் கூப்பிடுறான்னு நீ நெனச்சிடப் போறியேன்னு. மலை மேல சொல்லலாம்னு ஏறுனேன், அத்தைக்கு மூச்சு வாங்குச்சி. டேராவுல சொல்லலாம்னா நீ தூங்கிட்டே.

ஞானமதி: தூங்கல.

ஜீவேந்திரன்: …தூங்கலயா?

பத்மாம்பாள்: அடியே ஞானம்… பொழுது பனமரத்து இடுப்புக்கு வந்துட்டுது…

ஞானமதி: தோ வர்றோம் அத்தை… கூஜாவ மூடுங்க. நடந்துக்கினே பேசுங்க.

ஜீவேந்திரன்: திண்டிவனத்துல வண்டியேறுறப்ப ஒரு துணிப்பையோட வந்து நின்னே. மாத்துப் பொடவை ரெண்டு இருந்தா அதிகம். அதப் பாத்ததுலேருந்து எனக்குப் பேஜாரு. திரும்பிப் போறவதான் துணிப்பையோட வருவா.

ஞானமதி: அதனாலதான் மூணு நாள் சுத்துனீங்களா?

ஜீவேந்திரன்: கரி இன்னும் ரெண்டு மூட்டை இருந்திருந்தா ஒரு வாரம் சுத்தியிருப்பேன்… ஞானம், நில்லு. நீ இல்லாம அந்த வீடு எனக்குப் பிடிக்கல. நீ வரணும். இதுல ஜோக்கு ஒண்ணும் இல்ல. வரலேன்னா சொல்லிடு, நானே வடக்கே திருப்பி உங்க வாசல்ல எறக்கி விடுறேன். மொகம் தூக்கமாட்டேன். சொல்லு, எந்தப் பக்கம்?

ஞானமதி: இந்தாங்க, மொதல்ல அத்தைக்குக் குடுங்க.

பத்மாம்பாள்: அப்பாடி… தொண்டைக்குள்ள உயிர் வந்துது. இன்னா மாப்ளே, கேட்டாச்சா?

ஜீவேந்திரன்: கேட்டாச்சி அத்தை. பதில்தான் வரல.

பத்மாம்பாள்: சொல்லித் தொலையேண்டி. எத்தினி நாள் நான் வாய மூடிக்கினு இருக்கிறது?

ஜீவேந்திரன்: நீங்களா… எதுக்கு அத்தை?

ஞானமதி: துணிப்பையத்தான பாத்தீங்க, என் டிரங்குப் பெட்டி எங்கேன்னு கேட்டீங்களா? நாம கெளம்பறதுக்கு மொத நாளே அத்தை டேசனுக்குப் போயி ரயில்ல ஏத்தி விட்டுட்டாங்க. விழுப்புரம் டேசன்ல அது மூணு நாளா கெடக்குது. குடிங்க, பொழுது எறங்குது. காலையில தெற்கே திருப்புங்க.