அணையாத மெழுகுவர்த்தி

இந்த நாட்டு ரொட்டிக்கு ஆயுசு ஒரு பகல்தான். காலையில் வாங்கினால் மாலைக்குள் விறகாகிவிடும். அதனால் தினமும் ரொட்டி வண்டியின் ஹாரன் கேட்டதும் அண்டை வீட்டு ஜோசெட்டின் மதில்வரை போக வேண்டியிருக்கிறது; போனால் நாலு பேரிடம் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. இந்தப் பெரில் ஒரு வம்புக்காரி என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், ஐயா, பழியை ரொட்டியின் மேல் போடுங்கள்.

பதினெட்டு வருடமாக இந்த வெர்ன்யோல் கிராமத்தில் இருக்கிறேன். என் கணவர் வில்ஃப் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றதும் லங்காஷயர் மழையை விட்டுவிட்டு இங்கே வந்தோம். இங்கு குடியேறிய ஆங்கிலேயரில் பிரெஞ்சை ஒழுங்காகக் கற்றவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் விரலை நீட்டி, சிரித்து, நன்றி சொல்லியே காலம் தள்ளுகிறார்கள். டாக்டரிடம் போக, மேயர் அலுவலகக் கடிதத்தைப் படிக்க, கழிவுநீர்த் தொட்டியைச் சோதிக்க வருகிறவரைச் சமாளிக்க, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். இருபது பேருக்கும் ஒரே நாக்கு. யாருக்கு மூலம், யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். நானாக எதையும் கேட்டதில்லை.

நைஜல் த்வெய்ட்டும் அவர் மனைவி மோரீனும் மூன்று வருடத்துக்கு முன்பு எங்களுக்கு மேலே, சரிவில் இருந்த பழைய பண்ணை வீட்டை வாங்கினார்கள். எட்டு வரிசை திராட்சைக் கொடி, பாதி மண்ணுக்குள் இறங்கிய ஒரு நிலவறை, எல்லாம் சேர்த்து. அந்த வீட்டு முற்றத்தின் வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குப் பாதை. மாடுகளும், பிறகு டிராக்டரும், அவ்வப்போது சவப்பெட்டிகளும் போன பாதை. நைஜல் அதில் இரும்புக் கதவு போட்டார். எண்களை அழுத்தினால் திறக்கிற வகை.

"நைஜல், அது ஊர் வழி," என்றேன்.

"பத்திரத்துல அப்படி ஒண்ணும் இல்லையே, பெரில். கீழ் ரோடுதான் இருக்கே, சுத்தி வந்தா பதினோரு நிமிஷம். எங்க வீடு, எங்க இஷ்டம். லீட்ஸ்ல முப்பது வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியப் பாத்தாச்சு, இங்க வந்துமா?"

சொல்லிவிட்டு, மோரீன் செய்த எலுமிச்சைக் கேக்கில் ஒரு துண்டு கொடுத்தார். கேக் நன்றாகவே இருந்தது. நல்லதை நல்லது என்று சொல்லிவிடுவேன்.

போன ஏப்ரலில் வில்ஃப் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ரொட்டியோடு திரும்பியவள் பார்த்தேன், போன் செய்தேன். ஆம்புலன்ஸ் மேல் வழியாக வந்து அந்தக் கதவின் முன் நின்றது. ஹாரன் அடித்தார்கள். நைஜல் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பிக் கீழ் ரோடு வழியாக வந்து சேர்ந்தார்கள். பதினோரு நிமிடம். கணக்கில் நைஜல் சரியான ஆள். வில்ஃப் அதற்குள் போய்விட்டார்.

அடக்கத்தன்று நைஜல் ஓர் அட்டை கொடுத்தார். வெளியே அல்லிப்பூ, உள்ளே ஆறுதல் வார்த்தை, அதற்குக் கீழே, 'எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளுங்கள்' என்று கதவின் எண்: 1066. பிரெஞ்சுக் கரையிலிருந்து வந்தவர்கள் எங்களைத் தோற்கடித்த வருடம்; இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் மறக்காது. எனக்குக் கோபமில்லை. அட்டையைச் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு வைத்தேன். தினமும் கரண்டி எடுப்பேன், தினமும் பார்ப்பேன். அவ்வளவுதான்.

அக்டோபரில் நைஜலுக்குச் சொந்த ஒயின் ஆசை வந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் மூன்றாம் வருடம் வருகிற காய்ச்சல்தான் அது. பக்கத்துத் தோட்டத்து ஃபெர்னான் அறுபது வருடமாக ஒயின் போடுகிறவர். வழி சொல்லித்தர வந்தார்; இடையில் நாக்காக நான் நின்றேன்.

பீப்பாயை எப்படிக் கழுவுவது, மேலே மிதக்கும் திராட்சைத் தோலைக் காலையும் மாலையும் எப்படிக் குத்தி அமுக்குவது, எல்லாம் சொன்னார். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"இத நல்லா சொல்லுங்க, மதாம். சாறு பொங்கறப்ப மூச்சு விடும். அந்த மூச்சு தரையோட தரையா தேங்கி நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. எரியற மெழுகுவர்த்திய முழங்கால் உயரத்துல பிடிச்சுகிட்டுதான் இறங்கணும். சுடர் சுருங்குச்சுன்னா திரும்பிப் பாக்காம ஏறிடணும். எங்க மாமா ஏறல. அவரத் தூக்கப் போன மச்சானும் ஏறல."

"என்ன சொல்றாரு பெருசு?" என்றார் நைஜல்.

"இறங்கறப்ப மெழுகுவர்த்தி கொண்டுபோகணுமாம். இந்த ஊர் வழக்கம். ஒயினுக்கு ராசியாம்," என்றேன்.

நைஜல் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா மோரீன், இதுக்குத்தான்டி பிரான்ஸுக்கு வரணும்கிறது."

"எதுக்குச் சிரிக்கிறாரு?" என்றார் ஃபெர்னான்.

"சந்தோஷத்துல," என்றேன். அதுவும் பொய்யில்லை.

நிலவறையின் அடியில் ஒரு காற்றுத் துளை இருந்தது. ஃபெர்னான் போன பிறகு, எலி வருமே, அதை அடைத்துவிடலாமா என்று நைஜல் கேட்டார். "உங்க வீடு, உங்க இஷ்டம்," என்றேன். எங்கேயோ கேட்டது போல இருக்கிறதே என்று அவர் யோசிக்கவில்லை.

மறுநாள் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தேன். பேட்டரியில் எரிகிற மெழுகுவர்த்தி. உச்சியில் சின்ன பல்பு, நிஜச் சுடர் போலவே நடுங்கும். "மெழுகு சொட்டாது, காத்துல அணையாது," என்றேன். என் பரிசுகளில் எதையும் நைஜல் அவ்வளவு ஆசையாக வாங்கிக்கொண்டதில்லை.

நாலைந்து நாள் கழித்து ஃபெர்னான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார்.

"பரவால்லையே மதாம், உங்க ஆளு. நான்கூட, பட்டனத் தட்டுனா ஒயின் வரும்னு நெனைக்கிற ஆளுன்னு பாத்தேன். ரெண்டு வேளையும் மெழுகுவர்த்தியோடதான் எறங்குறாரு."

"சொன்னாப் புரிஞ்சுக்கிறவர்தான்," என்றேன்.

அன்று மாலை நாலு மணிக்கு மோரீன் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். கூடவே போனேன். நிலவறை வாசலில் நின்று பார்த்தால் கீழே வெளிச்சம் நடுங்குவது தெரிந்தது.

"கூப்பிட்டா பதில் இல்ல பெரில். விடுங்க, நான் எறங்கறேன்."

விடவில்லை. இரண்டு கையாலும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் திட்டினாள், கையைக் கடித்தாள், இதோ தழும்பு. ஃபெர்னானின் மச்சான் ஞாபகம் எனக்கு இருந்தது. ஒரு பாவமும் அறியாதவளைச் சாக விடுகிறவள் இல்லை நான், ஐயா. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தீயணைப்பு வீரர்களுக்கு நானே போன் செய்தேன். நானே போய் 1066 அழுத்திக் கதவைத் திறந்து வைத்தேன். இந்த முறை நேராக வந்தார்கள். முகமூடி போட்டுக்கொண்டு இறங்கி அவரைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். மெழுகுவர்த்தி அவர் கையில் எரிந்துகொண்டேதான் இருந்தது. உங்கள் மேசைமேல் உறையில் இருப்பது அதுதான். நல்ல பேட்டரியாகப் பார்த்துப் போட்டிருந்தேன்.

ஆக, ஆமாம். தெரிந்துதான் செய்தேன். அந்தப் பதினோரு நிமிடத்துக்காகச் செய்தேன்.

இப்போது டாக்டரின் காகிதத்தை என் பக்கம் தள்ளுகிறீர்கள். நான் போன் செய்தபோது வில்ஃப் விழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது, கதவு திறந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று அதில் இருக்கிறது. தெரியும், ஐயா. அன்றைக்கே டாக்டர் என்னிடம் சொன்னார். அதை மட்டும் நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

ரொட்டி வாங்கப் போனவள் ஜோசெட் வீட்டு மதிலோரம் ஒன்றேகால் மணி நேரம் நின்றுவிட்டேன். நடுவில் ஒருமுறை தோட்டத்திலிருந்து வில்ஃப் கூப்பிடுவது போல இருந்தது. பேச்சு பாதியில் இருந்தது. ஆனால் நாங்கள் பேசியது எதைப் பற்றி என்று ஜோசெட்டைக் கேளுங்கள். முழுக்க முழுக்க நைஜலின் கதவைப் பற்றித்தான். அந்தக் கதவு மட்டும் இல்லாதிருந்தால், ஐயா, எனக்குப் பேச என்ன இருந்திருக்கும்? ரொட்டியை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்திருப்பேன்.