இரண்டாவது டிஸ்க்

பிளேன்டீக்கு இஞ்சி போட்டிருக்கிறீர்கள் சேர். நல்ல பழக்கம், இந்தக் காற்றுக்குத் தொண்டை கட்டாது.

பள்ளிவாசல்துறை மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரை அமைத்தவன் நான்தான். கடலில் நிற்கிற ஒவ்வொரு மீன்பிடி போட்டும் தான் நிற்கிற இடத்தை அதற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். லினக்ஸ் போட்டேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே விழும்படி செய்தேன்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், துஆ, தின்னப் பெட்டிஸ் எல்லாம் இருந்தன. தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார் ரிபன் வெட்டிய கையோடு, ஓடுகிற மெஷினிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவித் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களா, ஒண்டு மவுத்தானாலும் மத்தது வேல செய்யும். எல்லாம் நம்மட மூள."

சனம் கை தட்டியது. கல்வெட்டில் அவர் பெயரும் கொழும்பு மருமகன் பெயரும். மருமகன் அந்த மெஷினைக் கண்டதே அன்றைக்குத்தான். நான் யார் என்று யாரோ கேட்டதற்கு ஹாஜியார், "அவனா? வயர் பூட்ட வந்த பொடியன்" என்றார். எனக்கு நரை விழுந்து வெகுகாலம் சேர்.

நான் கோபப்படவில்லை. உருவிய டிஸ்க்கை அடுத்த நாள் திரும்பச் சேர்த்துக் கொடுத்தேன். ஓடுகிற மெஷினுக்கு எந்த டிஸ்க் செத்தாலும் கவலையில்லை. நின்ற மெஷின் மறுபடி எழும்பத்தான் கிரப் என்றொரு சின்னப் புரோகிராம் துண்டு வேண்டும். அது தானாகப் பிரதியாகாது, இரண்டு டிஸ்க்கிலும் கையால் போடவேண்டும். முதலாவதில் போட்டேன். இரண்டாவதில் போடாமல் விட்டேன். மறதியில்லை. என்றைக்காவது ஹாஜியார் தன் வாயால் என்னைக் கூப்பிட ஒரு சின்ன ஏற்பாடு.

உப்புக்காற்றில் முதலாவது டிஸ்க் செத்தது. எச்சரிக்கை என் ஃபோனுக்குத்தான் வரும். வந்தது. பார்த்தேன், வைத்தேன்.

பிறகு ஒரு பெருங்காற்றில் கம்பி அறுந்து கரன்ட் போனது. திரும்ப வந்தபோது மெஷின் எழும்பவில்லை. காலையில் சங்க அலுவலகத்து றுஷ்னா எனக்குக் கோல் எடுத்தாள்.

"நானா, ஃபாஹிம்ட போட் இன்னும் வரல்ல. கடைசியா எங்க நிண்டதெண்டு இதுக்குள்ளதான் இரிக்கி. தேடிப் போற ஆக்கள் எஞ்சின ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கிறாங்க. எந்தப் பக்கமெண்டு தெரியாதாம்."

"ஹாஜியார எடுக்கச் சொல்லுங்க, தங்கச்சி."

"அவர் மருமகனக் கூப்பிட்டிரிக்காராம்."

"அப்ப மருமகன் பாப்பாரே."

"அல்லாவுக்காக நானா. ஃபாஹிம்ட வாப்பாவும் போட்டுல இரிக்கார்."

மருந்து என் சட்டைப்பையில் இருந்தது, ஒரு பென்டிரைவ். மத்தியானம் லுஹர் தொழுதேன். சாப்பிட்டேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரே கோல் எடுத்தார்.

"அஸ்ஜத் தம்பி, கொஞ்சம் வாங்களேன்."

வாங்களேன் என்றார் சேர். சிக்னல் சரியில்லை என்று சொல்லி, அதை இன்னொருமுறை சொல்லவைத்தேன்.

போனேன். பென்டிரைவைச் செருகி இரண்டாவது டிஸ்க்கிலிருந்தே மெஷினை எழுப்பினேன், பெரிய வேலையில்லை. ஒரு எழுத்துக்கூட அழிந்திருக்கவில்லை. இடத்தை வாசித்துச் சொன்னேன். நேரே போனார்கள். போட் நங்கூரத்தோடு கவிழ்ந்து கிடந்தது. தகப்பனும் மகனும் தங்களைக் கயிற்றால் அதோடு கட்டியிருந்தார்கள். மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம்.

ஓம், வேண்டுமென்றே விட்டேன். தெரிந்துகொண்டேதான் போகாமல் இருந்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் சேர்: என் மெஷின் சொன்ன இடத்திலேதான் இருவரும் இருந்தார்கள். ஒரு முழம் பிசகில்லை. அந்த மருமகனால் அப்படி ஒரு வேலை செய்திருக்க முடியுமா?