கணவாய்க்குக் கீழே ஒரு மடை

கேரளத்துச் சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவருக்குப் பனிமலை வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. பக்கத்தில் அவருடைய மச்சான்.

“இமயமலைக்குப் போயி அடுத்தவங்க மடையை அடைச்சுட்டு வந்துட்டனுங்க மச்சான்,” என்றார் ஜன்னலோரக்காரர். நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“ஏனுங்க மாப்ள, நடக்கத்தானே போனீங்க?”

“ஒரு ஊருல கூடாரம் போட்டிருந்தமுங்க. காலைல எந்திரிச்சுப் பாத்தா, உருளைக்கெழங்குக் காட்டுல தண்ணி பாஞ்சுட்டு இருக்குது, கீழ் வயலு காஞ்சு கெடக்குது. மேல ரொம்பிருச்சுன்னு நெனச்சேன். கை சும்மா இருக்குமா? நாலு கல்லை வெச்சுத் திருப்பி உட்டுட்டேன்.”

“அய்யய்யோ! அன்னிக்கு யாரு முறைத் தண்ணிங்க?”

“அந்த உருளைக்கெழங்குக்காரம்மா முறைங்க. ஓடி வந்து கத்துனாங்க பாருங்க, பாஷை தெரியாட்டியும் எல்லாம் புரிஞ்சுது. அன்னிக்கு உட்டா மறுபடி எப்ப முறை வருமோ.”

“நம்மூரா இருந்தா மண்டை ஒடஞ்சிருக்கும்.”

“கைடு மன்னிப்புக் கேட்டுட்டு, ‘வாங்க, கணவாய்க்கு ஏறணும்’ன்னாரு. எனக்கு மனசு வரலீங்க. நீங்க போங்கன்னுட்டு, அந்தம்மா மம்பட்டியை வாங்கி மதியம் வரைக்கும் நின்னு பாச்சுனேன்.”

“அப்பக் கணவாயைப் பாக்கவே இல்லையா? அதுக்குத்தானே வருசக்கணக்காச் சொல்லிட்டு இருந்தீங்க?”

“இல்லீங்க. போட்டோவுல எல்லாரும் பனியில நிக்கறாங்க. நான் மட்டும் சேத்துல.”

மச்சான் சிரிக்கவில்லை. வெளியே ஓடிய வயல்களைப் பார்த்தபடியே கேட்டார்:

“கடைசிப் பாத்தி வரைக்கும் பாஞ்சுதா?”

“பாஞ்சுதுங்க மச்சான்.”