ஞானப்பூ அழமாட்டாள்

— ஒரு சொட்டு, பெற்றி. ஒரேயொரு சொட்டு. என்ர தம்பியைப் பெட்டியில வச்சுக் கோயிலுக்குக் கொண்டுபோகேக்க உன்ர கண்ணில இருந்து அது வந்ததோ?

— வரேல்ல மச்சாள்.

— சேமக்காலையில மண் போடேக்க?

— வரேல்ல.

— எட்டாம் நாள்? முப்பத்தோராம் நாள்? போன வரியப் பூசையிலயாவது?

— இல்லை. நிக்காதேங்கோ, கதிரையில இருங்கோ. பூசை முடிஞ்சு நேரா வாறியள் போல. தேத்தண்ணி போடட்டே?

— எனக்கு உன்ர தேத்தண்ணி வேண்டாம். நேற்றுப் பின்னேரம் பங்கு மண்டபத்தில, வங்காலைச் சனம் முழுக்க இருந்து பாக்க, போட்டுக் காட்டின அந்தப் படத்துக்குள்ள நீ அழுத அழுகை, என்ர மாதாவே. ஆரோ ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் முகத்தில பவுடரை அப்பிக்கொண்டு சவம் மாதிரிக் கிடக்கிறான். அவனுக்கு இவள் குழறுறாள். பக்கத்தில இருந்த யசிந்தா என்னைத் திரும்பிப் பாத்தாள், கேட்டியோ. 'மேரி ரோஸ், உன்ர தம்பி பெண்சாதியைப் பார்' எண்டு கண்ணாலயே சொல்லிப்போட்டாள்.

— யசிந்தா அக்கா ஆரையும் அப்பிடித்தான் பாப்பா.

— ஆவணியில மடுத் திருவிழாவுக்குப் போய், உனக்கு ஒரு அழுகை வரவேணுமெண்டு மெழுகுதிரி கொளுத்தினனான் நான். புருசன் செத்து அழாதவள் ஒருநாளைக்கு வெடிச்சுப்போவாளெண்டு பயந்து. இப்ப பாத்தால் படம் பிடிச்ச மாசி மாசமே நீ அழுது முடிச்சிருக்கிறாய். சினிமாவுக்கு.

— நீங்கள் மெழுகுதிரி கொளுத்தினது எனக்குத் தெரியாது.

— இனித் தெரிஞ்சு என்ன. நான் வந்த விசயத்தைச் சொல்லுறன். வெள்ளிக்கிழமை அவன்ர கல்லறைக்குக் கல்லு வைக்கினம். ரெண்டாம் ஆண்டுப் பூசை முடிய சுவாமி வந்து ஆசீர்வதிப்பார். கல்லில 'அன்பு மனைவி பெற்றிசியா' எண்டும், அதுக்குக் கீழ என்ர பேரும்தான் எழுதிக் குடுத்தனாங்கள். இப்ப உன்ர பேர் வராது. கல்லு வெட்டுறவனிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வாறன். செவ்வாய்க்கிழமை வெட்டத் தொடங்குவான்.

— சரி மச்சாள்.

— சரியோ?

— வேற என்ன சொல்ல.

— ஏன் எண்டு கேளன். சண்டை பிடியன். சுவரோட கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு.

— பேர் வரவேணும் எண்டுதான் எனக்கு ஆசை. பிள்ளையும் இல்லை, அவரோட எனக்கு மிஞ்சிக் கிடக்கிற இடம் அந்தக் கல்லு மட்டும்தான். அது இல்லாட்டி நான் ஆரெண்டு எனக்கே தெரியேல்ல. ஆனா மல்லுக்கட்ட ஏலாமல் கிடக்கு. கால் மரத்துப்போனால் குத்தினாலும் தெரியாதே, எனக்கு உடம்பு முழுக்க அப்பிடி. ரெண்டு வரியமா.

— மரத்தவளுக்கு மாசியில மட்டும் எப்பிடி உணர்ச்சி வந்தது?

— நாவலில அவள் அழமாட்டாள் மச்சாள்.

— எவள்?

— ஞானப்பூ. நேற்றுக் காட்டின படம் ஒரு பழைய நாவலில இருந்து எடுத்தது. எண்பது வரியத்துக்கு முந்தி எழுதினது. சங்கு குளிக்கப் போய்ச் செத்தவன்ர பெண்சாதிதான் ஞானப்பூ. இருபத்திமூண்டாம் அத்தியாயத்தில புருசன்ர சவத்தைக் கரையில கொண்டுவந்து கிடத்துவினம். சனமெல்லாம் குழறும். அவள் அழமாட்டாள். கிட்டப் போய் இருந்து, அவன்ர காதுக்குள்ள கிடக்கிற மணலைச் சீலைத் தலைப்பால எடுப்பாள். ஒரு காது முடிய மற்றக் காது. அதோட அத்தியாயம் முடிஞ்சுது.

— நான் என்ன கேக்கிறன், நீ என்ன சொல்லுறாய்.

— நீங்கள் கேட்டதுக்குத்தான் சொல்லுறன்.

— உன்னை வாசிகசாலை வேலைக்கு விட்டதுதான் பிழை. 'அக்கா, இவள் சோறு வடிக்கேக்கயும் புத்தகம்' எண்டு அலெக்ஸாண்டர் கலியாணம் முடிச்ச புதிசிலயே சொன்னவன்.

— சிரிச்சுக்கொண்டு சொல்லியிருப்பார். புத்தகத்தோட அவருக்குக் கோவம் இல்லை. ரீவிக்குத்தான் சண்டை. ஞானப்பூவைச் சீரியலாப் போட்ட நேரம் நான் மடியில புத்தகத்தை விரிச்சு வச்சுக்கொண்டிருப்பன். அவங்கள் ஒரு வசனத்தை மாத்தினாலும் சொல்லிப்போடுவன். 'வாயை மூடடி, எப்பன் பாக்க விடன்' எண்டு கத்துவார்.

— நானும்தானே வந்திருந்து பாத்தனான். நூற்றி நாற்பது நாள். இருக்க விடமாட்டாய். 'அது பிழை, இது பிழை, அவள் அந்த நேரம் கிணத்தடியில நிக்கவே இல்லை.' எனக்கு எழும்பி உன்ர வாயில ஒண்டு போடவேணும்போல இருக்கும்.

— அடுத்த நாள் வள்ளத்தில கூட வாற பார்த்தீபனுக்கு அந்தக் கதையைச் சொல்லுவாராம். நான் திருத்தினதையும் சேர்த்து. பார்த்தீபன் வீட்ட வந்து பெண்சாதி சுவேதினிக்குச் சொல்லுவானாம், 'சீரியலில இப்பிடி, ஆனால் பெற்றி அக்கான்ர கணக்கில அப்பிடி' எண்டு. சுவேதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

— பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு ஏன் பாக்கிறாய்? அதைத்தான் நான் அண்டைக்கும் கேட்டனான். நீ ஒண்டும் சொல்லேல்ல.

— எல்லாம் பிழைதான் மச்சாள். முதல் முதல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில ஞானப்பூ சவத்துக்குப் பக்கத்தில நிண்டு ரெண்டு பாட்டுப் படிப்பா. அதை நான் இந்தியாவில, அகதி முகாமில பாத்தனான். முழு முகாமுக்கும் ஒரு ரீவி. எனக்கு அப்ப பன்ரண்டு வயசு. அந்தப் படத்தாலதான் புத்தகத்தைத் தேடினனான். தேடி வாசிச்சால் பாட்டும் இல்லை, கண்ணீரும் இல்லை. பிறகு ஒரு கலர் படம் வந்தது. அதில ஞானப்பூ நஞ்சு குடிப்பா. சீரியலில புருசன் சாகாமலே திரும்பி வந்திடுவான். அது பச்சைப் பிழை. அவருக்கு அதுதான் பிடிச்சது. கடைசி நாள் எழும்பி நிண்டு கைதட்டினவர். நான் ரெண்டு நாள் அவரோட கதைக்கேல்ல.

— கதைச்சிருக்கலாம்.

— ஓம். கதைச்சிருக்கலாம்.

— ஏன் பாக்கிறாய் எண்டு கேட்டனான்.

— வாசிக்கேக்க ஞானப்பூவுக்கு முகம் இல்லை. கை தெரியும். சீலை தெரியும். நடந்து வாறது தெரியும். முகத்தை மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் பிடிபடாது. படம் எடுக்கிறவை ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைக்கினம். பிழையான முகம்தான். எண்டாலும் ஒரு முகமெல்லோ. அதைக் கண்டவுடன எனக்குள்ள ஒரு சந்தோசம் வரும். அதுக்காகத்தான் பாக்கிறது. இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லத் தெரியேல்ல.

— சந்தோசமாம். சுவேதினியைப் பார். அவளின்ர பார்த்தீபனும் அதே வள்ளத்திலதானே போனவன். ரெண்டு பேர் போனவங்கள், ஒரு சவம் வந்தது. அவளுக்குச் சடங்கு செய்யவும் ஒண்டுமில்லை. இண்டைக்கும் கரைக்கு வந்து தலையில அடிச்சு அழுறாள், பாக்கிறவைக்கு வயிறு பத்தும். உனக்கு மாதா ஒரு பெட்டியைத் தந்தவா. பூசையைத் தந்தவா. போய்த் திரி கொளுத்த ஒரு கல்லறையைத் தந்தவா. நீ பனங்குத்தி மாதிரி நிண்டாய்.

— சுவேதினி அழேக்க நான் பக்கத்தில நிண்டிருக்கிறன். எனக்கு அவளில பொறாமையா இருக்கும்.

— பொறாமையோ?

— ஓம்.

— விசர்க்கதை கதையாதை. சரி, சொல்லு. மாசியில என்ன நடந்தது? முழுக்கச் சொல்லு. கேட்டுப்போட்டுத்தான் போவன்.

— கரையில நிக்கப் பொம்பிளையள் வேணுமெண்டு படக்காரர் கேட்டவை. சுவாமி பூசையில அறிவிச்சவர். நீங்கள் கருவாடு காயப்போட்டிருக்கு, வரேலாது எண்டியள். நான் போனனான். நாவல் தெரிஞ்ச ஆள் எண்டு டைரக்டர் பெடியன் என்னைக் கிட்டவே வச்சிருந்தவர். ஞானப்பூவா நடிச்சது கொழும்பில இருந்து வந்த ஒரு பிள்ளை. சவத்தைக் கண்டவுடன நெஞ்சில அடிச்சு அழுதா. எல்லாருக்கும் அது பிடிச்சுது. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

— நீ எங்க பேசாமல் இருக்கிறது.

— 'தம்பி, நாவலில அவள் அழமாட்டாள், மணல்தான் எடுப்பாள்' எண்டு சொன்னன். அப்பிடி எடுத்தால் சனத்துக்கு விளங்காது அக்கா எண்டார். விளங்கும் எண்டு நான். அப்பிடியெண்டால் ஒருக்காச் செய்து காட்டுங்கோ எண்டார்.

— நீ செய்து காட்டினாய்.

— ஓம். போய்க் கிட்ட இருந்தன். மணல் ஈரம். சவமா நடிச்ச பெடியனுக்குக் கூசுது போல, சிரிப்பு வராமல் சொண்டைக் கடிச்சுக்கொண்டு கிடக்கிறான். நான் சீலைத் தலைப்பைத் திருகிக் காதுக்குள்ள விட்டன். காது சூடா இருந்தது மச்சாள்.

— உயிரோட கிடக்கிறவன்ர காது சூடாத்தான் இருக்கும்.

— ஓம். அதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. எழும்பேக்க கொழும்புப் பிள்ளை எனக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தா. கமரா ஓடிக்கொண்டிருந்தது எண்டு பிறகுதான் சொன்னவை. படத்தில தூரத்தில தெரியிறது அந்தப் பிள்ளை. கிட்டத்தில என்ர கையும் கன்னமும், என்ர சத்தமும்.

— சத்தம்தான். முகம் தெரியேல்ல எண்டாலும் ஊருக்குச் சத்தம் தெரிஞ்சுது.

— அதை வெட்டிவிடுங்கோ எண்டு நான் கையெடுத்துக் கேட்டனான். விடமாட்டன் எண்டிட்டார், படத்திலேயே அதுதான் திறமாம். ஞானப்பூ அழக்கூடாது மச்சாள். எண்பது வரியமா ஒருதரும் அந்த இடத்தைச் சரியா எடுக்கேல்ல. கடைசியா எங்கட கரைக்கே தேடி வந்தவை. அதையும் கெடுத்தது நான்தான்.

— உனக்கு அதுதான் கவலையோ?

— அதுவும் ஒரு கவலை. நேற்று மண்டபத்தில நான் கடைசி வாங்கில இருந்தனான். எல்லாரும் மூக்குறிஞ்சினம். எனக்கு, பிழை, பிழை எண்டுதான் மனசுக்குள்ள ஓடினது.

— பெற்றி, நான் சுத்தி வளைக்கேல்ல. என்ர தம்பிக்கு வராத கண்ணீர் அந்தப் பெடியனுக்கு ஏன் வந்தது? அதை எனக்கு விளங்கச் சொல்லு. விளங்கினால் நான் இப்பவே போய்க் கல்லில உன்ர பேரைப் போடச் சொல்லுறன்.

— அவனுக்கு முகம் இருந்தது மச்சாள்.

— என்ன?

— எனக்கு ஒருதரும் அவரின்ர முகத்தைக் காட்டேல்ல. நாலு நாள் கடலில கிடந்த உடம்பு, பெண்சாதி பாக்கக்கூடாது எண்டு ஆணி அடிச்சுத்தான் பெட்டியைக் கொண்டுவந்தியள். நான் பெட்டியைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பலகை. பலகைக்கு மேல ஒரு சிலுவை. பலகையைப் பாத்து எப்பிடி அழுறது? அவர் உள்ளுக்குக் கிடக்கிறார் எண்டு எனக்குத் தெரியும். ஆனா புத்தகத்தில வாசிச்ச மாதிரித்தான் தெரியும்.

— உன்ர நன்மைக்குத்தான் அப்பிடிச் செய்தது.

— நான் குறை சொல்லேல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய் அடையாளம் காட்டவேண்டிய ஆள் நான். நாலு நாளாப் பச்சைத் தண்ணி குடியாமல், எழும்பேலாமல் கிடந்தன். எனக்குப் பதிலா நீங்கள் போனியள். அவரைத் தூக்கி வளத்த நீங்கள் அந்தக் கோலத்தைத் தனியப் பாத்து, இவ்வளவு நாளும் தனிய வச்சிருக்கிறியள். அதுக்கு நான் உங்களுக்கு ஒரு நன்றி சொன்னதில்லை.

— விடு அந்தக் கதையை.

— பேர் வேண்டாம் மச்சாள். கல்லில உங்கட பேரை மட்டும் போடுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். அதுக்குப் பதிலா எனக்கு ஒண்டு தாங்கோ. அவர் எப்பிடிக் கிடந்தவர் எண்டு சொல்லுங்கோ. எவ்வளவு பழுதாப்போயிருந்தாலும் பறவாயில்லை. நீங்கள் சொன்னால் நான் அந்த முகத்தை வச்சுக்கொள்ளுவன். பிறகு அழுவன்.

— எனக்கு நேரமாகுது. வீட்டில அலுவல் கிடக்கு.

— ஞாயிற்றுக்கிழமை என்ன அலுவல். இருங்கோ. கண் மூடியிருந்ததோ?

— பெற்றி, வேண்டாம்.

— இடப்பக்கப் புருவத்தில ஒரு வெட்டுத் தழும்பு. சின்னனில வள்ளத்தில அடிபட்டதாம், நீங்கள்தான் மஞ்சள் வச்சுக் கட்டினதெண்டு சொல்லுவார். அது தெரிஞ்சதோ?

— எனக்குத் தெரியாது.

— மீன் திண்டிருந்தால் அதையும் சொல்லுங்கோ. நான் தாங்குவன்.

— தெரியாதெண்டு சொல்லுறன்.

— பாத்த உங்களுக்குத் தெரியாட்டி வேற ஆருக்கு மச்சாள் தெரியும்?

— நான் பாக்கேல்ல பெற்றி. 'துணியை விலத்தட்டோ, ரெண்டு பேரில இது ஆரெண்டு நீங்கள்தானம்மா சொல்லவேணும்' எண்டு ஆஸ்பத்திரி ஆள் கேட்டவர், நான் சுவரைப் பாத்துக்கொண்டு, 'விலத்த வேண்டாம், என்ர தம்பிதான்' எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.